குடும்பம் எது, குடித்தனம் எது: ஒரு கேள்வித்தாளும் நான்கு விடைகளும்

கணக்குப் பரீட்சை முடிந்து வரும் பிள்ளைகளின் பேச்சு இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். உனக்கு 14 வந்ததா, எனக்கும் 14, சரி, கிளம்பலாம். சமூகவியல் பரீட்சை அப்படி லேசில் முடிவதில்லை. மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம், தில்லி ராமகிருஷ்ணபுரத்தில், மலை மந்திர் கோபுரம் கண்ணில் படுகிற தூரத்தில், அண்ணன் மகளைக் கூட்டிப்போகக் காத்திருந்தேன். வந்தாள். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும் எண்ணம் அவளுக்கு இல்லை. அவளும் இன்னும் மூன்று பேரும் சோலே குல்ச்சே வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு, கேள்வித்தாளை அந்த வண்டியின் தகரப் பலகைமேல் விரித்து, பென்சிலால் டிக் போட ஆரம்பித்தார்கள். முக்கால் மணி நேரம். அதற்குள் நான் இரண்டு குல்ச்சா தின்று முடித்துவிட்டேன்.

பதினொன்றாம் வகுப்பு சமூகவியல். எழுத்துத் தேர்வுக்கு 80, ப்ராஜெக்டுக்கு 20. அன்றைய கேள்விகளில் பாதி குடும்பம், திருமணம், உறவுமுறை என்ற ஒரே பாடத்திலிருந்து வந்திருந்தன. நால்வரும் தமிழ்ப் பிள்ளைகள், ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள். ஆனால் நான்கு மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு நால்வரும் நான்கு விதமாக எழுதியிருந்தார்கள். 'உனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை விவரித்து, அது எந்த வகை என்று காரணத்தோடு எழுதுக.' இவ்வளவுதான் கேள்வி. கேட்டுக்கொண்டே நின்றதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. யாரும் படிக்காமல் போய்த் தப்பாக எழுதிவிடவில்லை. வீட்டில் நாம் அன்றாடம் தனித்தனியாகப் புழங்குகிற இரண்டு சொற்களை விடைத்தாளில் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள். குடும்பம் என்பது ஒன்று, குடித்தனம் என்பது இன்னொன்று.

முதல் சண்டை பாட்டியை வைத்து. மயூர் விஹாரிலிருந்து வருகிற பையன் வீட்டில் அப்பா, அம்மா, அவன், தங்கை. தாத்தா போன பிறகு பாட்டி ஆறு மாதம் இவர்களோடு, ஆறு மாதம் கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டில். அவன் 'கூட்டுக்குடும்பம்' என்று எழுதிவிட்டான்.

"ரெண்டு ஜோடி இருந்தாத்தான்டா ஜாயின்ட். பாட்டி ஒருத்தர்தானே?" என்றாள் அண்ணன் மகள்.

"அப்ப எங்க பாட்டி யாரு, கெஸ்ட்டா?"

புத்தகப்படி அவள் சொன்னதுதான் சரி. ஒரு தம்பதியும் அவர்கள் பிள்ளைகளும் இருந்தால் தனிக்குடும்பம். ஒன்றுக்கு மேற்பட்ட தம்பதிகள், பெரும்பாலும் இரண்டுக்கு மேற்பட்ட தலைமுறைகள் சேர்ந்து வாழ்ந்தால் விரிந்த குடும்பம். அதைத்தான் கூட்டுக்குடும்பம் என்கிறோம். ஆனால் அவன் கேட்டதும் நியாயமான கேள்விதான். பாலின் கொலெண்டா என்ற மானுடவியலாளர் 1968-இல் இந்தியக் குடும்பங்களை வகைப்படுத்த உட்கார்ந்தபோது அவருக்கும் இதே பாட்டிதான் இடறினார். ஒரு தம்பதி, பிள்ளைகள், கூடவே துணையை இழந்த ஒரு பெரியவர் அல்லது மணமாகாத ஓர் உறவினர் இருக்கும் வீட்டுக்கு அவர் தனியாக ஒரு பெயரே வைத்தார். தமிழில் 'ஆள் கூடிய தனிக்குடும்பம்' என்று சொல்லிக்கொள்ளலாம். நம் ஊர்களில் எண்ணிப் பார்த்தால் இந்த வகைக்குப் பஞ்சமே இராது.

சரி, ஆறு மாதக் கணக்கை என்ன செய்வது? இதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: வழக்கமாகச் சேர்ந்து வசித்து, ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். வேலை காரணமாக வெளியே சாப்பிட நேர்கிறவர்களும் அதில் சேர்த்தி. ஆளுக்கு ஆள் இரத்த உறவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. எண்ணப்படுவது அடுப்பு. நம் ஊரில் அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள் என்பதைக்கூட 'உலை வேறாயிடுச்சு' என்று சொல்கிற வழக்கம் உண்டு. புதிதாக மணமானவர்கள் 'தனிக்குடித்தனம்' போவார்கள். யாரும் 'தனிக்குடும்பம்' போவதில்லை. வீடு மாறினாலும் குடும்பம் மாறவில்லை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஆக மயூர் விஹார்ப் பாட்டி ஒரே குடும்பத்தில் இருந்துகொண்டே இரண்டு குடித்தனங்களில் மாறி மாறி இருப்பவர். இந்த ஒரு வரியை அவன் எழுதியிருந்தால் திருத்துகிறவர் முழு மதிப்பெண் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கூட்டுக்குடும்பத்துக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் வரையறை இராவதி கார்வே 1953-இல் வெளியிட்ட இந்திய உறவுமுறை நூலில் இருக்கிறது. ஒரே கூரை, ஒரே அடுப்பு, பொதுச் சொத்து, பொது வழிபாடு. இந்த நான்கும் சேர்ந்திருந்தால் கூட்டுக்குடும்பம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நான்கும் ஒரே நாளில் பிரிவதில்லை என்பதுதான் விஷயமே. முதலில் கூரை பிரிகிறது, வேலை தில்லியில் கிடைத்ததால். கூடவே அடுப்பும். நிலமோ பூர்வீக வீடோ பல வருடம் பொதுவாகவே கிடக்கிறது. குலதெய்வம் பிரிவதே இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த பையனுக்கு முடியிறக்கத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு உட்கார்ந்து போய் வருகிறோமே, அது எதற்காக? ஐ.பி. தேசாய் குஜராத்தின் மஹுவா என்ற சிறுநகரில் ஆய்வு செய்துவிட்டுச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒரு குடும்பம் கூட்டானதா என்பதைச் சேர்ந்து வசிப்பதை வைத்து முடிவுசெய்யக் கூடாது; ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடமை, சொத்து, வரவு செலவு ஆகியவற்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் அவர். அப்படிப் பார்த்தால் தனித்தனி வீட்டில் இருப்பவர்கள்கூடக் கூட்டுக்குடும்பத்தவர்களே.

வருமான வரிச் சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது என்பது வேடிக்கை. இந்து கூட்டுக்குடும்பம் என்பது அந்தச் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் மாதிரி. அதற்கென்று தனி பான் எண் உண்டு. அதன் உறுப்பினர்கள் மூன்று ஊரில் மூன்று அடுப்பில் சமைக்கலாம். சொத்து விஷயத்தில் நமக்கு இன்னும் கூர்மையான சொல் இருக்கிறது: பங்காளி. பங்குக்கு உரியவன், அதனாலேயே சண்டைக்கும் உரியவன். தமிழ்நாட்டில் 1989-லிருந்தும், நாடு முழுக்க 2005 திருத்தத்துக்குப் பிறகும் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு உண்டு. சட்டப்படி அண்ணன் மகளும் இப்போது பங்காளி. அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

அடுத்தது பெரிய கேள்வி. 'தொழில்மயமாதல் கூட்டுக்குடும்பத்தைச் சிதைத்துவிட்டது. இக்கூற்றை மதிப்பிடுக.' மூன்று பேர் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். நகரம், சின்ன ஃபிளாட், வேலைக்குப் போகும் பெண்கள், தனிமனித உணர்வு, முதியோர் இல்லம். மனப்பாடமாக வருகிற பட்டியல். அண்ணன் மகள் மட்டும் இல்லை என்று எழுதிவிட்டு, 'எனக்கு மார்க் போச்சா சித்தப்பா?' என்று என் முகத்தைப் பார்த்தாள்.

போகாது. மேலை நாட்டுச் சமூகவியலில் ஒரு காலத்தில் வலுவாக இருந்த எண்ணம் அது. தொழிற்சாலை வந்தால் ஆட்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டும், அதற்குச் சிறு குடும்பம்தான் தோது, ஆகவே உலகம் முழுக்கக் குடும்பம் சுருங்கும் என்றார்கள். இந்தியக் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. ஏ.எம். ஷா என்ற சமூகவியலாளர், சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே கூட்டுக் குடித்தனங்கள் கூடத்தான் செய்தன என்று வாதிட்டார். என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகமே அவர் எழுதியதை எடுத்துக் காட்டியிருக்கிறது. அவர் சொல்லும் காரணத்தில் தத்துவம் எதுவும் இல்லை, ஆயுள்தான். 1941-50க்கும் 1981-85க்கும் இடையில் ஆண்களின் சராசரி ஆயுள் 32.5லிருந்து 55.4 ஆகவும், பெண்களுடையது 31.7லிருந்து 55.7 ஆகவும் உயர்ந்தது. யோசித்துப் பாருங்கள். முன்பு மகனுக்குக் கல்யாணம் ஆகும் வயதில் அப்பா உயிரோடு இருப்பதே நிச்சயமில்லை. மாமியாரே இல்லாத வீட்டில் மாமியார் மருமகள் சேர்ந்து வாழ்வது எப்படி? தாத்தா பாட்டி மடியில் வளர்ந்த அந்தக் காலம் என்று நாம் பேசுகிறோம். அந்தக் காலத்தில் பல பிள்ளைகளுக்குத் தாத்தாவே கிடையாது.

இன்னொரு சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. மில்டன் சிங்கர் 1960-களில் அங்கே 19 முன்னணித் தொழிலதிபர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். தொழில்மயத்தால் குடும்பம் உடையும் என்றால் முதலில் உடைய வேண்டியது இவர்கள் வீடுதான். உடையவில்லை. கம்பெனி நிர்வாகத்துக்குள் கூட்டுக்குடும்பத்தின் வேலைப் பிரிவினை அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா தலைவர், மூத்தவன் நிர்வாகம், இளையவன் வெளி வேலை. அலுவலகத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

தொழிலதிபர் வரை போவானேன்? தில்லித் தமிழர் வரலாறே போதும். 1931-இல் புது தில்லி திறக்கப்பட்ட காலத்திலிருந்து சுருக்கெழுத்து, தட்டச்சு என்று சர்க்கார் வேலைக்கு வந்தவர்கள் தனி ஆளாக வந்தவர்கள்தான். அவர்களில் ஒருவருக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டால், ஆறு மாதத்தில் தம்பி வருவான். அப்புறம் மச்சினன். அப்புறம் ஒன்றுவிட்ட அக்காவின் மகன், 'இண்டர்வ்யூ முடியும் வரை' என்று வந்து மூன்று வருடம் பால்கனியில் பாய் போட்டுப் படுப்பான். நானே அப்படி அண்ணனின் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தவன்தான். ஊரில் தனித்தனி அடுப்பாக இருந்தவர்களை ஒரே அடுப்புக்குக் கொண்டுவந்தது தில்லியின் வாடகை. நகரம் கூட்டுக்குடும்பத்தை உடைத்தது என்று எழுதுகிற பிள்ளைகளில் பாதிப்பேர், நகரம் உண்டாக்கிய கூட்டுக் குடித்தனத்தில் உட்கார்ந்துதான் படித்தார்கள்.

ஒரு மதிப்பெண் கேள்விகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடலாம். மணமான தம்பதி பெண் வீட்டாரோடு வசிப்பதற்கு என்ன பெயர் என்பது ஒன்று. புத்தகத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்கள் (மேட்ரிலோக்கல், மேட்ரிலீனியல், மேட்ரியார்க்கல்) அடுத்தடுத்து வருவதால் இருவர் மாற்றி டிக் போட்டிருந்தார்கள். எங்கே வசிப்பது, சொத்தும் வம்சமும் யார் வழியாக வருவது, அதிகாரம் யார் கையில் என்று மூன்றையும் பிரித்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். நம் 'வீட்டோடு மாப்பிள்ளை'யை எடுத்துக்கொள்ளுங்கள். வசிப்பது பெண் வீட்டில், பிள்ளைகளுக்கு இனிஷியல் அவருடையது, அதிகாரம் மாமனாரிடம். மேகாலயாவின் காசி மக்களிடம் வம்சம் தாய்வழி, குடும்பச் சொத்து கடைசி மகளுக்கு. ஆனாலும் முடிவெடுப்பதில் தாய்மாமன் கை ஓங்கியிருக்கும். தாய்வழி வேறு, தாயாட்சி வேறு. தாயாட்சிச் சமூகம் எங்கும் இருந்ததாகச் சான்று இல்லை என்று புத்தகமே சொல்கிறது.

உறவுமுறைக் கேள்வியில்தான் நல்ல கூத்து நடந்தது. மாமன் மகனை மணப்பது பற்றி இரண்டு மதிப்பெண் கேள்வி. அண்ணன் மகள் உற்சாகமாக எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் வந்த அவளுடைய இந்தி வகுப்புத் தோழி எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா கா பேட்டா? சீ, வோ தோ பாயி ஹை!" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கு அவன் அண்ணன்தான். இந்தியில் சித்தப்பா பிள்ளையும் பாயி, அத்தை பிள்ளையும் பாயி, மாமா பிள்ளையும் பாயி. வட இந்தியாவில் பெண்ணைக் கூடியவரை உறவே இல்லாத வீட்டில், எட்டிய ஊரில் கொடுப்பார்கள். தமிழில் அப்பாவின் சகோதரர்கள் பெரியப்பா, சித்தப்பா. அதாவது பெரிய அப்பா, சின்ன அப்பா. அம்மாவின் சகோதரிகள் பெரியம்மா, சித்தி. இவர்கள் பெற்ற பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை. முறைப்பேச்சே எழாது. மாமாவும் அத்தையும் அந்தப் பக்கம். அத்தை என்றால் அப்பாவின் தங்கையும்தான், மாமியாரும்தான். மாமாவுக்கும் அப்படியே. யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்பது கூப்பிடும் சொல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது. 'கட்டிக்கிற முறை' என்று நாம் சொல்வதுதான் இலக்கணம்.

அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் உலக மக்களின் உறவுப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார். நியூயார்க் மாநிலத்துச் செனக்கா பழங்குடிகளிடம் அப்பாவின் அண்ணன் தம்பியெல்லாம் 'அப்பா' என்று இருப்பதைத்தான் அவர் முதலில் கவனித்தார். தமிழ், தெலுங்கு உறவுப் பட்டியல் கைக்கு வந்ததும் இரண்டும் இவ்வளவு ஒத்துப்போவதைப் பார்த்து அசந்துபோனார். அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டவும் செய்தார். உறவுப் பெயர் ஒத்துப்போவதை வைத்து வம்சாவளி சொல்ல முடியாது என்று பிற்பாடு வந்தவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் நம் சித்தப்பா, பெரியப்பாக்கள் மானுடவியலின் அடிப்படைப் பாடத்தில் இடம் பிடித்தது அப்படித்தான். பிறகு 1949-50 வாக்கில் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்த லூயி துமோன், மாமன் மச்சான் உறவு என்பது ஒரு கல்யாணத்தோடு முடிகிற விஷயமில்லை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிற உறவு என்று விளக்கினார். தாய்மாமன் சீர் வராமல் காதுகுத்து நடக்காத ஊரில் இதைச் சொல்ல ஒருவர் பாரிஸிலிருந்து வரவேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று மயூர் விஹார்ப் பையன் கேட்டான். 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் அண்ணன் தங்கையின் பிள்ளைகள் ஒருவரையொருவர் மணப்பது தடைசெய்யப்பட்ட உறவுப் பட்டியலிலேயே இருக்கிறது. மாமன், அக்காள் மகள் கல்யாணமும் அதே பட்டியலில். ஆனால் இரு தரப்பு வழக்கமும் அனுமதித்தால் செல்லும் என்று ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். தெற்கு முழுவதும் அந்த வாசல் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவில் மணம் முடித்தவர்கள். இரு தரப்பிலும் ஒளிந்திருக்கும் மரபுக் குறைபாடு குழந்தையிடம் வெளிப்படும் வாய்ப்பு இதில் கூடும் என்று மருத்துவர்கள் சொல்வதும் உண்மை. அண்ணன் மகள் அதையும் எழுதியிருந்தாள். "அதான் நான் மாமா பையனைக் கட்டிக்க மாட்டேன்" என்று கூடுதலாக ஒரு தகவலையும் எனக்குத் தெரிவித்தாள். அண்ணிக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாமவன் அதிகம் பேசவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊர். அப்பா இங்கே கேன்டீனில் சமையல், இவன் அப்பாவோடு. அம்மாவும் தங்கையும் ஊரில், ஒன்றரை ஏக்கர் மானாவாரி. பெண் தலைமைக் குடும்பம் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு 'கணவர் இறந்துவிட்டால்' என்று ஒரே காரணம் எழுதிவிட்டு வந்திருந்தான். ஆண் வெளியூர் வேலைக்குப் போய்விட, உழவையும் வரவு செலவையும் பெண் எடுத்து நடத்துவது இன்னொரு காரணம். மகாராஷ்டிரத்தின் தென்கிழக்கிலும் பழைய ஆந்திரத்தின் வடக்கிலும் (இன்றைய தெலங்கானா) வாழும் கோலாம் பழங்குடிகளிடம் அது இயல்பான வழக்கமே என்று புத்தகம் சொல்கிறது. "உங்கம்மாவுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருதா?" என்று கேட்டேன். வருகிறது. அந்தப் பணம் குடும்பத் தலைவி என்ற பேரில்தானே வருகிறது என்றேன். அவன் கேள்வித்தாளை ஒருமுறை பார்த்தான். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமும் ரேஷன் அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணைத்தான் தலைவராக எழுதச் சொல்கிறது. அரசாங்கக் காகிதத்தில் பெண் தலைமை எங்கும் இருக்கிறது. வீட்டில்தான் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

நான்காவது பெண் நரேலாவிலிருந்து வருகிறவள். தில்லியில் ஜுக்கிகளை, அதாவது குடிசை வீடுகளை, அகற்றி மாற்று வீடு கொடுக்கும்போது யார் ஒரு குடும்பம் என்பதை முடிவுசெய்ய 2015 கொள்கையில் விதிகள் இருக்கின்றன. அந்த வருடம் ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்திருக்க வேண்டும். மாடி வைத்த ஜுக்கி என்றால் வீடு கீழ்த்தளக்காரருக்கு. மாடியில் இருப்பவருக்கும் வேண்டுமென்றால் அதே முகவரியில் அவர் பேரில் தனி ரேஷன் அட்டை இருக்க வேண்டும். 2025 ஜூனில் ஜங்புரா அருகே தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்ந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டு, தகுதி உள்ளவர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில் ஃபிளாட் ஒதுக்கப்பட்டபோது, இந்தத் தகுதி என்ற சொல்லைத் தில்லித் தமிழர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். கணக்கெடுப்பு அடுப்பை எண்ணுகிறது, வரிச் சட்டம் சொத்தை எண்ணுகிறது, இங்கே எண்ணப்படுவது அட்டை.

அப்படி ஒரு குடியிருப்பில்தான் இந்தப் பெண்ணும் வளர்ந்தாள். கீழே இவர்கள், மாடியில் சித்தப்பா குடும்பம்.

"கார்டு ஒண்ணு, அடுப்பு ரெண்டு. இப்ப நாங்க நரேலா, சித்தப்பா போகல் ஏரியாவுல வாடகைக்கு. நான் என்னன்னு எழுதுறது? நியூக்ளியர்னு எழுதிட்டேன்."

அண்ணன் மகள் பென்சிலை எடுத்தாள். டிக் போடவா, பெருக்கல் போடவா என்று தெரியவில்லை போலும். பென்சில் அப்படியே நின்றது.

"இன்னிக்கு எங்கடி போற? நரேலாவுக்கு ரெண்டு பஸ் மாறணுமே."

"இல்ல, பரீட்சை முடியிற வரைக்கும் சித்தப்பா வீட்டுலதான் இருக்கேன்." பையைத் திறந்து ஓர் எவர்சில்வர் தூக்கைக் காட்டினாள். மூடியைச் சுற்றிப் பழைய துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அவளுடைய அம்மா நரேலாவில் செய்து அனுப்பிய புளிக்காய்ச்சல். எட்டுப் பேருக்குக் காணும்.